ஜிலேபி மேல் பழி போட்ட மகனுக்கு

கண்ணு,

நேற்று நீ போனை வைத்த பிறகு வெகு நேரம் நான் அதைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா தாரணிகிட்ட அப்படிச் சொன்னே?" என்று கேட்டாய். சமையல் மாஸ்டர் மேல் தப்பில்லை என்று, நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அதற்குத்தான் உனக்கு அத்தனை கோபம். என் கோபத்தை நான் போனில் காட்டவில்லை. காட்டினால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், உங்கப்பா மோட்டார் பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து "விடுங்க ரெண்டு பேரும்" என்பார், விஷயம் அந்தரத்தில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். பத்திரிகையில் இருந்த காலம் முழுக்க நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பழகியவள் நான். இதையும் அப்படியே எழுதுகிறேன். உனக்கு மனப்பாடமாகத் தெரிந்த சங்கதிகளைக்கூட விளக்கமாக எழுதப்போகிறேன். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன். அதுவரை பொறுமையாகப் படி.

முதலில் உப்புச் சர்க்கரை நாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் நம் பக்கத்தில் கல்யாணப் பேச்சு முடிந்தது என்று பொருள். அதற்குப் பிறகு யாரும் வார்த்தை மாறக் கூடாது. நாம் முந்தின நாளே ஈரோட்டில் உன் மாமன் வீட்டுக்குப் போய்விட்டோம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ராத்திரி படுக்கும்முன் போட வேண்டிய இன்சுலினை நீ அன்று போடவில்லை. இன்சுலின் பேனா உன் பையில் இருந்தது, பை காரில் இருந்தது, கார் சாவி மாமனிடம் இருந்தது. எதற்கு என்று யாராவது கேட்பார்களே என்று நீ சாவியைக் கேட்கவில்லை. மறுநாள் காலை இட்லிக்கு முன்னால் போட வேண்டியதும் போகவில்லை. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கிற தாரணி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாய். வந்த அத்தைமார் எல்லாரும் உன் வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுவிட்டுப் போனார்கள். காலையிலிருந்தே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாய். கேட்டதற்கு வெயில் என்றாய். பந்தியில் உட்கார்ந்தபோது நான் எதிர்வரிசையில் இருந்து, ஊசி போட்டாயா என்று கண்ணால் கேட்டேன். தலையை ஆட்டினாய். நான் நம்பினேன். அது நீ சொன்ன இரண்டாவது பொய். முதல் பொய் அதற்கு முன்பே போனில் சொன்னது: "தாரணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா, அவ ஒண்ணும் நெனைக்கலை." அதையும் நம்பித்தான் நான் உப்புத் தட்டைக் கையில் வாங்கினேன்.

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது நீ எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனாய். நான் வந்து பார்த்தபோது வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். மூச்சு ஆழமாக, ஓடி வந்தவனுடைய மூச்சு மாதிரி இருந்தது. அதில் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை வந்தது. அந்த வாடையை நான் ஒரு தடவை முகர்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று. எந்தத் தாயும் அதை மறக்க மாட்டாள். உங்கப்பாவும் நானும் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் பறந்தோம். டிரிப்ஸில் இன்சுலின் ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பிழைத்தால் போதும் என்று மட்டும்தான் நான் நினைத்தேன். பிழைத்துவிட்டாய். அதனால் இப்போது கோபப்பட முடிகிறது.

நாம் கிளம்பிப் போன பிறகு பந்தலில் என்ன நடந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. உன் மாமன், என் கூடப்பிறந்த அண்ணன், நடுப் பந்தலில் நின்று, மாப்பிள்ளைக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ஜிலேபியைப் பழைய எண்ணெயில் போட்டிருக்கிறார்கள் என்று அறிவித்திருக்கிறார். ஒருத்தர் சொன்னதை நாலு பேர் சொன்னார்கள். சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு உடனே வயிறு கலக்குவது மாதிரிகூட இருந்ததாம். கண் பட்டுவிட்டது என்று ஒரு அத்தை நீ விட்டுப்போன துண்டை எடுத்து மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறாள். சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பந்தலிலேயே நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் அடுப்படிக்கு ஓடி, பாதி மிச்சம் இருந்த புது எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டினாராம். யாரும் டின்னைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் தாரணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முந்தாநாள் அவள் போன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிற பெண் இல்லையா, சுற்றி வளைக்கவில்லை.

"ஏனுங்க அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா? நானும் அதே ஜிலேபிதானுங்க தின்னேன். ரெண்டு தின்னேன். எங்கூட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. அவருக்கு மட்டும் எப்படிங்க ஐசியூ வரைக்கும் போச்சு? எனக்குக் கணக்கு உதைக்குதுங்க."

அவளே தொடர்ந்தாள். கல்யாணத்துக்குப் பேசியிருந்த சமையலை மாஸ்டரிடமிருந்து எடுத்துவிட்டார்களாம். அவருக்கு இருந்த வேறு இரண்டு வீட்டு விசேஷமும் போய்விட்டதாம். காலையில் அவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, தொழிலை விட்டுவிடுகிறேன், கெட்ட எண்ணெய் ஊற்றினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று அழுதாராம். "அவுரு எங்க அக்கா கல்யாணத்துக்குச் செஞ்சவருங்க அத்தை. எங்கப்பாகூட இப்ப அவரை நம்பமாட்டேங்கறாருங்க" என்றாள்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. நீ அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக ஊரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதைத் தொழிலாக வைத்திருந்தவளுக்கு, சொந்த வீட்டில் நடந்தது தெரியவில்லை. "மாஸ்டர் மேல தப்பில்லை அம்மணி. மிச்சத்தை அவனே உங்கிட்டச் சொல்லோணும்" என்றேன். அவள் "சரிங்க அத்தை, நான் காத்துட்டிருக்கேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். காத்திருக்கிறேன் என்ற அந்தச் சொல்லைக் கவனி. அவள் கத்தவில்லை, உன்னைத் திட்டவில்லை. உனக்காகக் காத்திருக்கிறாள். நீ என்னடாவென்றால் எனக்குப் போன் செய்து என் மேல் பாய்கிறாய்.

இப்போது உன் உடம்புக்கு வருகிறேன்.

உனக்கு அந்த முதல் தடவை வந்தபோது, பெரியநாயக்கன்பாளையத்தில் நம் பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா, பிள்ளைக்கு நிறைய மிட்டாய் வாங்கிக் கொடுத்தீர்களா என்று என்னைக் கேட்டார். டாக்டரிடம் அதையே நான் கேட்டேன். அவர் சிரிக்காமல், ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். நம் உடம்பில் இருக்கிற கோடானுகோடி செல்களில் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. தசை சுருங்க வேண்டும், மூளை யோசிக்க வேண்டும், தோல் புதிதாக வளர வேண்டும். எதற்கும் ஆற்றல் வேண்டும். ஆனால் சாப்பிட்ட சோற்றையோ ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரையையோ அப்படியே எரித்து செல் வேலை செய்யாது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன உறுப்புகள் இருக்கின்றன. சர்க்கரையையும் கொழுப்பையும், நாம் இழுக்கிற மூச்சில் வருகிற ஆக்சிஜனை வைத்து அவை கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கின்றன. அதில் வருகிற ஆற்றலை ஏடிபி என்ற ஒரு சின்ன மூலக்கூறில் ஏற்றுகின்றன. அந்த மூலக்கூறில் பாஸ்பேட் மூன்று வரிசையாகக் கோத்திருக்கும். கடைசி ஒன்று கழன்று விழும்போது வருகிற ஆற்றல்தான் நீ விரலை மடக்குவதற்கும் கண்ணை இமைப்பதற்கும் செலவாகிறது. கழன்றதை உடனே திரும்பக் கோத்தாக வேண்டும். ஏடிபியைப் பெருமளவில் சேர்த்துவைக்க உடம்பால் முடியாது. கையிருப்பு சில விநாடிகளுக்குத்தான் வரும். பத்து மாடி ஏறுகிறவனும் சரி, படுத்துத் தூங்குகிறவனும் சரி, மூச்சு இருக்கிற வரைக்கும் அவனுக்குள் இந்தக் கழற்றலும் கோத்தலும் நிற்காது.

அப்படியானால் சேமிப்பு எங்கே? உன் வருங்கால மாமனார் வீட்டில் விதை மஞ்சளைக் குவித்துவைத்திருந்ததைப் பார்த்தாய் அல்லவா? மண்ணும் தண்ணீரும் இல்லாமலேயே சிலவற்றில் முளை விட்டிருந்தது. அந்தச் செடி போன பருவத்தில் வெயிலைப் பிடித்துச் செய்த மாவுச்சத்தைக் கிழங்கில் சேர்த்துவைத்திருக்கிறது. அதைத் தின்றுதான் முளை வருகிறது. நம் உடம்பும் அதே வேலையைச் செய்கிறது. சாப்பிட்ட பிறகு மிஞ்சுகிற சர்க்கரையைக் கல்லீரலும் தசையும் கிளைகோஜன் என்ற பெயரில் கோத்து வைக்கின்றன. அது மாவுச்சத்துக்குப் பங்காளி. ஆனால் அந்தச் சேமிப்பு சின்னது, முழுப் பட்டினி கிடந்தால் ஒரு நாளைக்குத் தாங்குவதே பெரிது. அதற்கு மேல் மிஞ்சுவது கொழுப்பாகப் போகிறது. அங்கே வாரக்கணக்கில் தாங்குகிற அளவுக்கு இருக்கும். எப்போது உள்ளே வைக்க வேண்டும், எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது இன்சுலின். அதைச் செய்கிற செல்கள் கணையத்தில் இருக்கின்றன. உனக்கு உன் உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் அந்தச் செல்களை அழித்துவிட்டது. மிட்டாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீ செய்த தப்பும் இல்லை, நான் செய்த தப்பும் இல்லை.

அன்று டாக்டர் சொன்னதில் பாதி எனக்கே புரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து உங்கப்பா சொன்னதுதான் நம் இரண்டு பேருக்கும் புரிந்தது. "கண்ணு, லைன்ல கரண்ட் இருக்குது. கெணத்துல தண்ணியும் இருக்குது. ஸ்டார்ட்டர் போயிருச்சு. அதனால மோட்டார் ஓடலை, அவ்வளவுதான்" என்றார். நீ ஊசியைக் காட்டி, "அப்ப இதுதான் ஸ்டார்ட்டருங்களாப்பா?" என்று கேட்டாய். "ஆமா. நம்முளுது கையால தட்டற ஸ்டார்ட்டர். தெனமும் தட்டோணும்" என்றார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் நீ சத்தமாகச் சிரித்தாய். அந்த வயதில் உனக்கு வெட்கமே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொண்டு, கேட்கிற பிள்ளைகளிடம் "ஸ்டார்ட்டர் தட்டறேன்" என்பாயாம். உன் டீச்சர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பையனுக்கு யார் வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தது?

இன்சுலின் இல்லாத அந்த ராத்திரியிலும் மறுநாள் பகலிலும் உனக்குள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சர்க்கரை ரத்தத்தில் நிறைந்து ஓடுகிறது, தசைக்குள் போக முடியவில்லை. உள்ளே செல் பட்டினி. உத்தரவு வராததால் கல்லீரல், இவன் சாப்பிடவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, சேர்த்துவைத்த சர்க்கரையையும் அவிழ்த்து ரத்தத்தில் கொட்டுகிறது. கொழுப்பு கட்டுப்பாடில்லாமல் உடைகிறது. உடைந்த கொழுப்பைக் கல்லீரல் கீட்டோனாக மாற்றுகிறது. கொஞ்சமாக இருந்தால் அது பட்டினிக்காலத்து உணவு. அளவில்லாமல் சேர்ந்தால் ரத்தம் அமிலமாகிவிடும். நான் முகர்ந்த பழவாடை அதுதான். நீ குடித்த தண்ணீரெல்லாம் சர்க்கரையை இழுத்துக்கொண்டு சிறுநீராகப் போயிற்று. அன்று நீ ஜிலேபியைத் தொடாமல் பட்டினி கிடந்திருந்தாலும் இது நடந்திருக்கும். சாப்பிடாத நாளில்கூட உனக்கு அந்த நீண்ட நேர இன்சுலின் வேண்டும். இது உனக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும், நாலு அத்தைகள் பார்ப்பார்கள் என்று காரில் விட்டுவிட்டு வந்தாய்.

என் அண்ணன் மேல் எனக்குள்ள ஆத்திரத்தை இங்கே மறைக்க மாட்டேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தாரணி இளநீர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தூங்குகிறான் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பியது அவர்தான். டாக்டர் அவள் காதில் ஏதாவது போட்டுவிடுவார் என்ற பயம். இதை நேற்று நான் நேரில் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அம்மணி, நீ பேப்பர்க்காரி. நெனச்சதையெல்லாம் எழுதிப்போடுவே. இது கல்யாணம். சக்கரைன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? முடிஞ்சதுக்கப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றார். முடிந்த பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "என்ன ஆகும்? பொண்ணு எங்க போயிருவா?" என்றார். அந்த வாக்கியத்தைத் திரும்பப் படி. அவள் எங்கேயும் போக முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு உண்மையைச் சொல்லலாம் என்பதுதான் இவர்களுடைய திட்டம். அதற்கு நீ தலையாட்டியிருக்கிறாய். "உப்புச் சர்க்கரை மாத்தின கையாலயே பொய்யையும் மாத்திப்போட்டீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் நின்ற அண்ணி மட்டும், காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

இந்த மூடிமறைக்கிற புத்தி ஒரு மனுஷனோடு நின்றால் போகிறது என்று விட்டுவிடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல்லடம் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒன்று இறந்துபோன செய்தியை எடுக்கப் போனேன். அவளுக்கும் உனக்கு இருப்பதுதான். சர்க்கரையை ஒரே மாதத்தில் வேரோடு எடுக்கிறேன் என்று சொன்ன ஒரு வைத்தியன் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தியிருக்கிறார்கள். பொடி கொடுத்திருக்கிறான். விசாரித்து, டாக்டரிடம் கேட்டு, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பத்திரிகையில், காய்ச்சலால் மாணவி இறந்தாள் என்று சின்னதாக வந்தது. வைத்தியனைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டார்கள். அவனுடைய விளம்பரம் எங்கள் பத்திரிகையில் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஆசிரியரிடம் போய்ச் சண்டை போட்டேன். "எதையும் பொய்யா எழுதலையேம்மா, ஒரு பத்தியை எடுத்தோம், அவ்வளவுதானே" என்றார். பல வருடம் கழித்து உனக்கு அது வந்தபோது, உன் அத்தை அதே மாதிரி ஒரு பொடியை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஊசி பழகிவிடுமாம், இது பழகாதாம். டப்பாவை அவள் கண் முன்னாலேயே சாக்கடையில் கொட்டினேன். உடம்புக்குள் போகிற மூச்சும் சாப்பாடும்கூடப் பழகித்தான் போயிருக்கிறது, அதையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அவள் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

நீயும் இப்போது ஆசிரியர் சொன்னதைத்தான் சொல்கிறாய். நேற்று போனில், "நான் ஜிலேபின்னு சொல்லலையேம்மா, மாமா சொன்னதை நான் மறுக்கலை, அவ்வளவுதான்" என்றாய். அந்த "அவ்வளவுதான்" என்ற சொல் என் காதில் விழுந்த உடனே எனக்குப் பல்லடத்துப் பெண்ணைக் கிடத்தியிருந்த பாயும் பக்கத்தில் இருந்த புத்தகப் பையும் ஞாபகம் வந்தது. நீ வாயைத் திறக்காததால் ஒரு சமையல்காரர் எண்ணெய் டின்னைக் காட்டியும் யாரும் நம்பாமல் அடுத்தவர் வாசலில் நின்று அழுகிறார். நாளைக்கு உனக்கு வீட்டில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, வாய் குழறினால் வாயில் குளுக்கோஸ் போட வேண்டும் என்பது உன் மனைவிக்குத் தெரியாது. பழவாடை வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் தெரியாது. அவள் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருப்பாள். மாமனுக்கு அது பரவாயில்லை. எனக்குப் பரவாயில்லை என்று விட முடியாது.

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்பதும் எனக்குத் தெரிகிறது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று. சொல்லலாம். அந்த உரிமை அவளுக்கு உண்டு. பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்பாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதுதான் டாக்டர் நமக்குச் சொன்ன பதில். அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல். நீ படித்தாய், வேலைக்குப் போனாய், நேரத்துக்கு ஊசி போட்ட வரைக்கும் ஒரு நாளும் விழுந்ததில்லை. இதையும் சொல். அதற்குப் பிறகு அவள் முடிவெடுக்கட்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் நீ கொஞ்ச நாள் அழுவாய். நான் உன் பக்கத்தில் இருப்பேன். ஏமாற்றிக் கட்டிக்கொண்டு வந்தால் நான் அவள் பக்கம்தான் இருப்பேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்க எல்லாரும் ஈரோட்டுக்குப் போகிறீர்கள். நான் வரவில்லை. உங்கப்பாவும் வரமாட்டார். நான் கேட்காமலே அவர் இன்று காலையில், "ஸ்டார்ட்டரை ஒளிச்சு வெச்சுட்டு மோட்டாரை விக்கறதுக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனார். புடவைக் கடைக்குப் போவதற்கு முன்னால் நீ தனியாகத் தாரணியைப் பார். அவளே உன்னைக் கேட்கும்படி விடாதே. பிறகு இரண்டு பேருமோ, அவள் வரமாட்டேன் என்றால் நீ மட்டுமோ, மாஸ்டர் வீட்டுக்குப் போ. தெருவில் நாலு பேர் கேட்கிற மாதிரி, ஜிலேபியில் ஒரு குறையும் இல்லை, நான் ஊசி போடாமல் விட்டேன் என்று சொல். பந்தலில் கெட்ட பேரைப் பந்தல் மாதிரி ஓர் இடத்தில்தான் திருப்பிக் கொடுக்க முடியும். கல்யாணம் நடந்தால் சமையல் அவருடையதுதான். நடக்காவிட்டாலும், கூட்டிக்கொண்டு போய் அவரை மறுபடியும் அந்த ஊரில் நிமிர்ந்து நடக்க வைக்க வேண்டியது உன் பொறுப்பு.

விதை மஞ்சள், மோட்டார், கல்லீரல், கொழுப்பு என்று உனக்குத் தெரிந்ததையெல்லாம் எதற்கு இவ்வளவு விலாவாரியாக எழுதினேன் என்று இப்போது சொல்கிறேன். இதில் ஒரு வரிகூட உனக்குப் புதிதில்லை. அவளுக்குப் புதிது. நீ பேச ஆரம்பித்து, உனக்கு நாக்கு எழவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடு. உன்னைத் திட்டியிருக்கிற பக்கங்களைக் கிழிக்காதே, ஒரு பத்தியையும் எடுக்காதே. அதற்காகத்தான் உறையை நான் ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொள். கூடத்தில், எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்து போட்டுக்கொள். பிறகு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

உன் அம்மா